ஓய்வுபெற்றவர்களுக்கு ஆலயத்தில் ஒரு வேலை கொடுங்கள்: பெஸ்தாரி ஜெயா வட்டார ஆலய நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன் நீங்கள் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுக்கும் அறிக்கையில், அபிஷேக உபயம் முதல் அன்னதான உபயம் வரை எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு தொகையும் ஒரு பெயரும் இருக்கின்றன. பணம் தர இயன்றவருக்கு அந்தப் பட்டியலில் இடம் உண்டு. பணம் அதிகம் இல்லாமல், ஆனால் நாள் முழுவதற்கும் நேரத்தையும் முப்பது நாற்பது ஆண்டுத் தொழிலறிவையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்றவருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரியைக் கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். ஊரின் பெயர் 2007-இல் மாறிய பிறகும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே வாயில் வருகிற தலைமுறையைச் சேர்ந்தவன். 1917-இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் (எண்ணெய்ப்பனைத்) தோட்டம் தென்னமரத்தில் உருவானது இந்த வட்டாரத்தில்தான் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் செம்பனையில் குலை வெட்டியவர்களும், அதற்கு முன்பு பால்மரம் சீவியவர்களும், வேலையை மேற்பார்த்த மண்டோர்களும், லாரி ஓட்டுநர்களும், தோட்ட மருந்தகத்தில் மருத்துவ உதவியாளராக இருந்த டிரெசர்களும், ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்களும் இன்று எங்கே, என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. பெரும்பாலோர் உங்கள் ஆலயங்களுக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில்தான் இருக்கிறார்கள்.

தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்பது 2013 ஜூலை முதல் நடப்பில் உள்ள சட்டம். அதற்கு முன்பெல்லாம் 55 வயதில் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஆனால், வயதைவிடப் பெரிய செய்தி வேறொன்று இருக்கிறது. தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. நம் முன்னோர் வகுத்த வாழ்க்கை முறையில், இல்லறக் கடமைகள் முடிந்தபின் மனிதன் வீட்டை விட்டு வனம் புகும் பருவம் ஒன்று உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு அது தலைகீழாக நடந்தது. மரங்களுக்கு நடுவே வாழ்ந்தவர் வயதான காலத்தில் அங்கிருந்து கிளம்பி, மலிவு விலை அடுக்குமாடியின் மூன்றாவது மாடிக்குள் புக நேர்ந்தது. லயத்து வீட்டோடு, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களமும் போயிற்று, சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிட்டால் ஏனென்று கேட்ட அண்டை வீட்டாரும் போயினர், எல்லைக்கல் ஓரத்தில் சூலத்தோடு நின்ற முனியாண்டியும் போனார். துறவு என்பது தானாக விரும்பி ஏற்பது. இது பறிபோனது. இரண்டையும் ஒன்றாக்கி, 'வயதாகிவிட்டது, இனிக் கோயில் குளம் என்று நிம்மதியாக இருங்கள்' என்று வாழ்த்து மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

பால்மரத்தில் பால் நன்றாக வடிவது வெயில் ஏறுவதற்கு முந்திய குளிர்ச்சியில்தான். அதனால் இருட்டில் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்ப் பழகிய உடம்பு, மரமே இல்லாத இடத்திலும் நான்கு மணிக்கு விழித்துக்கொள்கிறது. சமய வகுப்பில் பிரம்ம முகூர்த்தம் என்று நாம் விளக்கிச் சொல்லும் அந்த நேரத்தை, விளக்கம் எதுவும் கேட்காமல் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்தவர்கள் இவர்கள். உங்கள் ஆலயக் கதவு திறப்பது ஆறு மணிக்கு. அதற்கு முன்பே வந்து வாசலைக் கூட்டிக்கொண்டிருக்கும் ஒரு மூதாட்டியை உங்களில் சிலராவது பார்த்திருப்பீர்கள். அந்தத் துடைப்பம் ஆலயத்துடையது அன்று. ஈர்க்கை அவரே சீவி, சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டி, வீட்டிலிருந்து கொண்டுவருவது. யாரும் அவரிடம் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. தனக்கு ஒரு வேலை வேண்டும் என்பதால் அவர் தாமே எடுத்துக்கொண்டார்.

ஆண்களின் நிலை இன்னும் மோசம் என்றே சொல்வேன். பெண்களுக்குப் பேரப்பிள்ளையும் அடுப்பும் இருப்பதால், ஓய்வு என்ற ஒன்று அவர்களுக்கு வாய்ப்பதே இல்லை. அது வேறு ஒரு மடலுக்கான பொருள். ஆண்கள் காலை கோப்பிக் கடைக்குப் போகிறார்கள், பதினோரு மணிக்குத் திரும்புகிறார்கள், தொலைக்காட்சிக்கு முன் தூங்குகிறார்கள். ஓய்வுபெற்ற கையோடு காசி, இராமேசுவரம் போய்வந்தவர்கள் உண்டு. பத்துமலைக்கு மாதந்தோறும் போகிறவர்களும் தியான வகுப்பில் சேர்ந்தவர்களும் உண்டு. இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. என்றாலும், திருத்தல யாத்திரை முடிந்து பேருந்திலிருந்து இறங்கிய மறுநாள் காலையில் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே காத்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கேள்விக்கு விடை கண்ட ஒருவர் நம் நாட்டுத் தோட்டத்திலேயே வேலை பார்த்திருக்கிறார். பத்தமடையில் 1887-இல் பிறந்த மருத்துவர் குப்புசாமி 1913-இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையிலும் பின்னர் ஜொகூரிலும் பணியாற்றினார். ஏறக்குறைய பத்தாண்டுகள் நம் மூதாதையரின் புண்ணைக் கழுவி, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த அவர் 1923-இல் இங்கிருந்து புறப்பட்டு, ரிஷிகேசம் சென்று, சுவாமி சிவானந்தர் ஆனார். உலகம் அவரைத் துறவி என்று அறியும். நான் சொல்ல வருவது துறவுக்குப் பிந்திய செய்தி. தம்முடைய காப்பீட்டுப் பத்திரத்திலிருந்து வந்த பணத்தைக் கொண்டு 1927-இல் லட்சுமண் ஜூலாவில் அவர் தொடங்கியது ஓர் இலவச மருந்தகம். வேலையை விட்டார், சம்பளத்தை விட்டார், பெயரையும் விட்டார். கை கற்ற தொழிலை மட்டும் விடவில்லை. 1936-இல் அவர் நிறுவிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் கிளை இன்று பத்துமலையில் இருக்கிறது. அந்தச் சங்கத்தின் குறிக்கோளாக அவர் வரிசைப்படுத்திய ஆறு சொற்களில் தியானம் ஐந்தாவது இடத்தில் நிற்கிறது. சேவை முதல் இடத்தில் நிற்கிறது. காப்பீட்டுப் பணம் வந்தவுடன் காரை மாற்றலாமா, வீட்டுக்கு முன் கூரை போடலாமா என்று யோசிக்கிற நம்மவருக்கு (நானும் கூரை போட்டவன்தான்) இந்த ஒரு செய்தியைச் சொன்னாலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

'அவர் மருத்துவர், மகான். மரம் சீவியவர் என்ன செய்ய முடியும்?' என்று நீங்கள் கேட்கலாம். அறுபத்து மூவரில் தண்டியடிகளை நினைத்துப் பாருங்கள். பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். திருவாரூர்க் குளம் தூர்ந்துபோயிருக்கக் கண்டு அல்ல, கேட்டறிந்து, அதைத் தூர் வார முனைந்தார். குளத்துக்குள் ஒரு கழி, கரையில் ஒரு கழி நட்டு, இரண்டையும் கயிற்றால் இணைத்து, கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டி, தடவிக்கொண்டே ஏறிக் கரையில் கொட்டினார். இயலாமை என்று ஊரார் கருதியதை அவர் ஒரு கயிற்றால் கடந்தார். நம் ஓய்வுபெற்றவர்களில் மூட்டு வலிக்காரர், சர்க்கரை நோயால் ஒரு விரலை இழந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டிய கயிற்றை இரு கழிகளில் கட்டிக் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

நம் ஊரில் தூர்ந்து கிடக்கும் குளம் எது என்று கேட்டால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்து திருநீறு வாங்கிக்கொண்டிருந்தபோது, நான் வேலை பார்த்த தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிய ஓர் அம்மாள் என்னருகே வந்து, 'கிராணி ஐயா, இதக் கொஞ்சம் பாருங்க' என்று ஒரு நெகிழிப் பையைக் கொடுத்தார். உள்ளே கணவருடைய இறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுத் தாள், ஒரு பழைய வங்கிக் கையேடு, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திலிருந்து வந்த கடிதம். கடிதம் மலாயில் இருந்தது. கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன் வந்தால் படிக்கச் சொல்லலாம் என்று மடித்து வைத்திருந்திருக்கிறார். மகன் வருகிறபோதெல்லாம் வேறு பேச்சு. அவருக்குரிய தொகையைச் செலுத்துவதற்கு வங்கிக் கணக்கு விவரம் கேட்டு வந்த கடிதம் அது. வேறு சிக்கல் எதுவுமில்லை. பாரத்தில் நான்கு இடம் நிரப்பி, ஒரு நகல் இணைத்து அனுப்ப வேண்டும். திருநீற்றுக் கையோடு மண்டபத்துத் தூணருகே உட்கார்ந்து அதை நிரப்பினேன். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் சிலர் பைகளோடு வந்தார்கள்.

அந்தப் பைகளுக்குள் இருப்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. சேமநிதிக்கு வாரிசுப் பெயர் குறிக்காமலேயே இருக்கிறவர்கள் ஏராளம். உயிரோடு இருக்கும்போது முடித்துவிடக்கூடிய அந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் போனால், பின்னர் குடும்பம் அலைய வேண்டியிருக்கிறது. இந்த மண்ணிலேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாத காரணத்தால் குடியுரிமை இல்லாதவர்களுக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையை அடைந்தவர்கள் இருக்கிறார்கள். சமூக நல இலாகா முதியோருக்குக் கொடுக்கும் மாத உதவித்தொகையைப் பற்றிக் கேள்விப்பட்டும் எங்கே போய்க் கேட்பது என்று தெரியாதவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் செய்யலாம் என்று முகப்பில் சொல்கிறார்கள். கைப்பேசியில் வரும் ரகசிய எண்ணைப் படிக்கக் கண் தெரியாதவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? இந்த வேலைக்கு வேண்டியது சட்டப் படிப்பு அன்று. செக்ரோல் எனும் சம்பளப் பதிவேடு எழுதிய கிராணிக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும், அஞ்சல் நிலையத்தில் இருந்தவருக்கும் இது கைப்பழக்கம். இதோ தொழிலறிவு இருக்கிறது, அதோ தேவை இருக்கிறது, நடுவே உங்கள் மண்டபம் பூட்டிக் கிடக்கிறது.

ஆம், பூட்டைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. வாரத்தில் ஒரு காலை, பூசை முடிந்த நேரத்தில், மண்டபத்தை எங்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று நாங்கள் சிலர் சேர்ந்து ஓர் ஆலய நிர்வாகத்திடம் கேட்டோம். எந்த ஆலயம் என்பது இங்கே தேவையில்லை. வேறு எங்கே கேட்டிருந்தாலும் விடை அதிகம் மாறியிருக்காது. மேளதாளத்துக்குரிய பொருள்கள் உள்ளே இருக்கின்றன, ஒலிபெருக்கி இருக்கிறது, ஏதேனும் காணாமல் போனால் யார் பொறுப்பு என்றார்கள். மின்கட்டணம் என்றார்கள். முதலில் உங்களை ஒரு துணைக்குழுவாகப் பதிவுசெய்து, தலைவர் செயலாளர் பொருளாளர் தேர்ந்தெடுத்து வாருங்கள் என்றார்கள். பொறுப்பு பற்றிய கேள்வி நியாயமானது. அதை நான் மறுக்கவில்லை. கணக்குக் கேட்கப்படும் இடத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் கேட்க வேண்டும். ஆனால், பெரட்டுக்களத்தில் நூற்றுக்கணக்கானோரின் சம்பளத்தைக் கையில் வைத்துக் கொடுத்தவர்களிடம் ஒரு மண்டபச் சாவியைக் கொடுக்கத் தயங்குகிற நிர்வாகம், அதே ஆட்களைத் திருவிழாவன்று மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதில் எனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது. பதவி எங்களுக்கு வேண்டாம். தலைவர், செயலாளர் என்று மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தால் நான்காவது ஆள் மறுவாரம் வரமாட்டார் என்பது உங்களுக்கும் தெரியும். புகைப்படத்தோடு பதாகையும் வேண்டாம். ஒரு சாவியும், கையெழுத்திட்டு அதை வாங்கித் திருப்பிக் கொடுக்க ஒரு நோட்டுப் புத்தகமும், இரண்டு பாயும் போதும்.

பாய் என்று காரணத்தோடுதான் சொன்னேன். என்னைப் போன்ற கிராணிகள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர் கூப்பிட்டே பழகியவர்கள். மேசை ஒன்று கிடைத்தால் அந்தப் பழைய குரல் தானாக வந்துவிடும். எதிரில் நிற்பவரும் பழைய கூனலோடு நிற்பார். தரையில் எதிரெதிரே அமர்ந்தால் இருவருக்கும் அது நேராது.

பாரம் நிரப்புவது ஒன்றுதான் தொண்டு என்று நான் சொல்லவில்லை. இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டியவர்களை யார் கொண்டுபோய் விட்டு, யார் அழைத்து வருவது? ஓய்வுபெற்ற ஓட்டுநர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பெட்ரோல் செலவை உபயமாக ஏற்கும் அன்பர்களும் கிடைப்பார்கள். குலை வெட்டிய கைகளுக்கு ஆலயத்தின் பின்புறத்துக் காலி நிலத்தைக் கொடுத்தால் அரளியும் செம்பருத்தியும் துளசியும் ஓராண்டுக்குள் வரும். அப்பர் பெருமான் முதுமையிலும் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை என்று சொற்பொழிவில் கேட்கிறோம், அந்த உழவாரத்தைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் பிரசாத வரிசையில் நிற்கிறார்கள். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்கு நம் பிள்ளைகளைப் பழக்க ஆள் தேடி வெளியூருக்குத் தொலைபேசி போடுகிறீர்கள். தோட்டத்துப் பஜனைக் குழுவில் வெள்ளிதோறும் பாடிய பாட்டிமார்கள் பண் பிசகாமல் பாடுவதை ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள்.

இதற்கெல்லாம் சமூக நல இலாகாவின் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்கள் இருக்கின்றனவே என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கின்றன, நல்லவையே. ஆனால் அங்கே முதியவர் பயன் பெற வருகிறவர். நான் கேட்பது முதியவர் பயன் தருகிறவராக வரும் இடத்தை. அதோடு, தோட்டத்து மனிதர் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூச்சமில்லாமல் நுழையும் கட்டடம் ஆலயம் ஒன்றுதான். அலுவலகக் கதவைத் தள்ளித் திறக்க இன்னமும் தயங்குகிறவர்கள் அம்மன் சந்நிதிக்கு எவர் துணையுமின்றி வருகிறார்கள்.

வயதானவர்கள் கூடினால் சண்டை வரும் என்பது இன்னொரு மறுப்பு. வரும். சாதிப் பேச்சும், எந்தத் தோட்டத்துக்காரர் என்ற பேச்சும், கட்சிப் பேச்சும் வரத்தான் செய்யும். செயலவைக் கூட்டங்களில் வராததா? வேலை இருக்கிற இடத்தில் அது கொஞ்சம் குறைவாக வரும் என்பது தோட்டத்தில் நான் பார்த்தது.

இது சமூகப்பணிதானே, இதில் ஆன்மிகம் எங்கே என்று ஓர் இளம் செயலவை உறுப்பினர் என்னிடம் நேராகவே கேட்டார். நல்ல கேள்வி, அவருக்கு அன்று சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். ஓய்வுபெற்ற புதிதில் ஒவ்வொரு வெள்ளியும் அர்ச்சனைச் சீட்டு வாங்குவேன். என் பெயர், என் நட்சத்திரம், மனைவி, மக்கள், பேரர் என்று குருக்களிடம் வரிசையாகச் சொல்வேன். பைகளோடு வருகிறவர்களுடன் உட்காரத் தொடங்கிய சில மாதங்களில், சந்நிதியில் நிற்கும்போது வேறு பெயர்கள் வாயில் வரத் தொடங்கின. பதிவிலாகாவில் இன்று முகம் காட்டப் போயிருக்கும் ஒருவர், மருத்துவமனையில் காலை எடுக்கலாமா வேண்டாமா என்ற முடிவுக்குக் காத்திருக்கும் ஒருவர். அவர்களுடைய நட்சத்திரம் எனக்குத் தெரியாது. குருக்கள் சிரித்துக்கொண்டே சுவாமி பெயருக்குச் செய்துவிடுகிறார். நான் முன்பைவிட அதிகம் தியானம் செய்வதில்லை, விரதம் கூட்டவில்லை. ஆனால், கற்பூர ஒளியில் அம்மன் முகத்தைப் பார்க்கும்போது எனக்காகக் கேட்க எதுவும் நினைவுக்கு வராமல் நின்ற வேளைகள் இப்போது உண்டு. அறுபது வயதுவரை அது எனக்கு வாய்த்ததில்லை. ஆன்மிகம் என்பது இதைவிடப் பெரிதாக வேறு ஏதாவது இருந்தால், அதை அறிந்தவர்கள் சொல்லட்டும்.

நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 2030-க்குள் சுமார் 15 விழுக்காடாக இருப்பார்கள் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. பிள்ளைகள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட நம்மைப் போன்ற தோட்டத்து ஊர்களில், இப்போதே மாலைப் பூசையில் நரைத்த தலைகளை எண்ணுவதைவிடக் கருத்த தலைகளை எண்ணுவது எளிது. ஆகவே நான் கேட்பது எதிர்காலத் திட்டம் அன்று.

அடுத்த செயலவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் எந்தக் காலை உங்களுக்கு வசதி என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். செவ்வாய், வெள்ளி தவிர்த்து எந்த நாளானாலும் எங்களுக்குச் சரி. சாவிக்குப் பொறுப்பேற்று எழுத்துமூலம் உறுதியளிக்க என்னோடு மேலும் மூவர் ஆயத்தமாக இருக்கிறோம். நால்வரின் அடையாள அட்டை நகலையும் கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் ஒப்படைத்துவிடுவோம். மின்விசிறிக்கான செலவை மாதந்தோறும் கணக்குப் பார்த்து நாங்களே கட்டிவிடுகிறோம். ஆறு மாதம் நடத்திப் பார்த்து, மண்டபத்துக்கோ ஆலயத்தின் பெயருக்கோ இடையூறு என்று நீங்கள் கருதினால், காரணம் எதுவும் கேட்காமல் சாவியைத் திருப்பித் தந்துவிடுகிறோம். விடை இல்லை என்பதானால் அதையும் எழுத்தில் கொடுங்கள். அடுத்த ஆலயத்தில் போய்க் கேட்க எங்களுக்கு உதவும்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பெஸ்தாரி ஜெயா